மருந்துக் கடைக்காரர் வீட்டுத் தலைவலி

எழுதுகிறவர்கள் எல்லாம் நிறையப் படித்தவர்கள். நான் செஞ்சியில் பள்ளிக்கூடப் படிப்போடு நின்றுவிட்டவள். நாலு பேர் நடுவில் பேசச் சொன்னாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இதில் எங்காவது கோணலாக இருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்ல வரவில்லை என்பதால்தான் எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் நைனா கடைவீதியில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தார். சிங்கவரம், தொண்டூர் என்று சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் தலைவலி என்றால் அவரிடம்தான் வருவார்கள். சுக்கோ ஓமமோ பொட்டலம் கட்டிக் கொடுத்து, "ரெண்டு வேள பத்துப் போடு, பறந்துடும்" என்பார். அதனால் எங்கள் வீட்டில் யாருக்கும் தலைவலி வரக்கூடாது. அம்மா மாதத்தில் சில நாள் நெற்றியைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, அறைக் கதவைச் சாத்திப் படுத்துவிடுவாள். யாராவது கேட்டால் "வெயில் ஒத்துக்கல" என்று சொல்ல வேண்டும். ஐப்பசி மழையிலும் அவளுக்கு வெயில்தான் ஒத்துக்கொள்ளாது.

எனக்குக் காதில் சத்தம் வந்தது எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்த வருஷம். ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். கம்பத்தில் காதை வைத்தால் 'ஙொய்' என்று கேட்கிறது என்று பிள்ளைகள் எல்லோரும் போய் வைத்துப் பார்த்தோம். எனக்குக் காதை எடுத்த பிறகும் கேட்டது. கிணற்றடியில் கேட்டது, சாப்பிடும்போது கேட்டது. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், "உனக்குக் கேக்குதா?" என்றேன்.

"கம்பத்துலயா?"

"கம்பம் இல்லாம."

அவள் என்னை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "உனுக்கும் கனெக்சன் குடுத்துட்டாங்கடி" என்று சிரித்தாள். நான் நம்பிவிட்டேன். கொஞ்ச நாள் ஈரக் கையால் தலையைத் தொடவே பயந்தேன்.

பிறகு தலைவலியும் சேர்ந்துகொண்டது. மலைப் பாறைகளில் பட்டுத் தெறிக்கிற வெயிலைப் பார்த்துவிட்டு வகுப்புக்குள் போனால், கண்ணோரத்தில் வெளிச்சமாக ஒரு கோடு எழும்பும். கோட்டை மதிலின் உச்சி மாதிரி மடிந்து மடிந்து போகும். அது மறைந்ததும் பாதித் தலையில் உரலில் இடிப்பது போல வலி தொடங்கும். இதைச் சாப்பாட்டு நேரத்தில், "கண்ணுல கோட்டை தெரியுதும்மா" என்று சொன்னேன்.

"செஞ்சில பொறந்துட்டு கோட்டை தெரியாம கடலா தெரியும்?" என்றார் சித்தப்பா. நைனாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவர்கள் கை கழுவப் போன பிறகு கேட்டாள்.

"எந்தப் பக்கம்? எடதா, வலதா?"

"எடது."

"பல்லு பல்லா, ஆடிக்கினே இருக்குதா?"

"ஆமாம்மா."

அவள் எச்சில் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அது ஆடும் என்று நான் சொல்லவே இல்லையே என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒரு நாள் வகுப்பிலேயே வாந்தி எடுத்தேன். சாயங்காலம் வாத்தியார் நைனா கடைக்கு ஓமம் வாங்கப் போன இடத்தில், கடை நிறைய ஆள் இருக்கும்போது, "உங்க பொண்ணு தலையப் புடிச்சிக்கினு பெஞ்சு மேலயே படுத்துடுது. நல்ல மருந்தா ஒண்ணு குடுக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டார். சுக்குப் பொட்டலத்தோடு நின்ற ஒருவர் பொட்டலத்தையும் நைனாவையும் மாறி மாறிப் பார்த்தாராம்.

நைனா வீட்டுக்கு வந்து சட்டையைக் கூடக் கழற்றவில்லை. "மருந்துக் கடைக்காரன் ஊட்லயே தலவலி தீரலன்னா எவன் கடைக்கு வருவான்? பள்ளிக்கூடமும் வாணாம், ஒண்ணும் வாணாம். ஊட்டோட கெடக்கட்டும்."

"ஒரு வாரம் பொறுங்க" என்றாள் அம்மா.

அந்த வயதில் பள்ளிக்கூடத்தைத் தவிர வீட்டை விட்டு வெளியே போக எனக்கு வேறு காரணம் கிடையாது. நைனா கடையிலிருந்து கொண்டுவந்த காது எண்ணெயை இரண்டு வேளையும் விட்டார்கள். எண்ணெய்க்குள் மூழ்கியும் சத்தம் நிற்கவில்லை.

அந்த வாரம் ஒரு மத்தியானம், நைனா கடையில் இருக்கும்போது, அம்மா கொல்லைக் கதவு வழியாக ஒரு பொம்பளையை உள்ளே கூப்பிட்டாள். காதில் இருக்கிற பூச்சியை எடுத்துவிட்டு, கூலியாக அரிசி வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவள். அவள் மடியிலிருந்து சின்னப் பித்தளைக் குழல் ஒன்றை எடுத்து முந்தானையில் துடைத்தாள்.

"இன்னா பாப்பா, எந்தக் காது?"

"ரெண்டும்."

"ரெண்டு காதா? அப்ப அரிசியும் ரெண்டு பங்கு."

"மொதல்ல எடு. அரிசி எங்கயும் ஓடிப் போவாது" என்றாள் அம்மா.

குழலை என் காதில் வைத்து, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சி, வாழையிலைத் துண்டில் துப்பினாள். வெள்ளையாக ஒரு பூச்சி நெளிந்தது. "பாரு, எப்புடி கொழுத்துப் போய் கீது! ஒக்காந்து மூளையத் தின்னுக்கினு இருந்திருக்குது." அடுத்த காதிலும் ஒன்று வந்தது.

அம்மா என் முகத்துக்கு நேராகக் குனிந்தாள். "போச்சா?"

'ஙொய்' என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் பூச்சி இலையில் கிடக்கிறதே! கண் முன்னால் கிடப்பதை நம்புவதா, காதை நம்புவதா? போகவில்லை என்று சொன்னால் பள்ளிக்கூடம்தான் போய்விடும். "போச்சும்மா" என்றேன்.

அம்மா கொஞ்ச நேரம் இலையையே பார்த்தாள். பிறகு யாரும் எதிர்பாராதபடி, தோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுத் தரையில் தலையைச் சாய்த்துப் படுத்தாள்.

"உனுக்குமா?" என்றாள் அந்தப் பொம்பளை.

"சும்மா பாரேன்."

அம்மா காதிலிருந்து வந்தவை இன்னும் பெரியவை. எழுந்து உட்கார்ந்தாள். எனக்கு ஆசையாக இருந்தது, அவள் கேட்ட மாதிரியே நானும் குனிந்து கேட்டேன்.

"போச்சாம்மா?"

அம்மா காதைக் கையால் பொத்தினாள், எடுத்தாள், மறுபடி பொத்தினாள். என்னைப் பார்த்தாள்.

"போச்சு."

அந்தப் பொம்பளை அரிசியை முடிந்துகொண்டு போனாள். சாயங்காலம் நைனாவிடம் அம்மா, "உங்க எண்ணெயிலதான் கொழந்தைக்கு நின்னுது" என்றாள். அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். பள்ளிக்கூடம் போகலாம் என்று ஆனது. அந்த எண்ணெயை அப்புறம் பல வருஷம், "எங்கூட்டுக் கொழந்தைக்கே கேட்டுச்சி" என்று சொல்லி விற்றார்.

எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. அம்மாவுக்கு ஒரே தடவையில் போய்விட்டதே, எனக்கு மட்டும் ஏன் போகவில்லை? ஒரு பூச்சியை விட்டுவிட்டாளோ? அம்மாவைக் கேட்கலாம் என்றால், போச்சு என்று நானே சொல்லியாகிவிட்டது. அவள் மேல் பொறாமையாகக் கூட இருந்தது.

எனக்கு இப்போதும் கேட்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, காதில் ஒன்றுமே இல்லை என்றார்கள். அந்தப் பொம்பளையாவது எதையோ எடுத்துக் காட்டினாள்.

பூச்சி எடுத்த மறுநாள் காலையில் அம்மா எனக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்து, தலை பின்னிவிட்டாள். பிறகு நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, யாராவது கேட்டால் வெயில் ஒத்துக்கல என்று சொல்லச் சொல்லிவிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் பள்ளிக்கூடம் போனேன்.