தானாக ஆடிய சங்கிலி

எங்கள் வீட்டில் யாருக்காவது கன்னத்தடியில் வீங்கினால் முதலில் திறப்பது மருந்து டப்பாவை அல்ல, பீரோவை. பொன்னுக்கு வீங்கிக்குத் தங்கம்தான் வைத்தியம் என்பதில் கோவில்பத்தில் எங்கள் தெருவுக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. வீங்கின இடத்தில் படுகிற மாதிரி தங்கச் சங்கிலியைக் கழுத்தோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு, புளிப்பைத் தொடாமல், ஊசி போட்டுக்கொள்ளாமல் வீட்டுக்குள் கிடந்தால் வீக்கம் வற்றிவிடும். சங்கிலி இல்லாவிட்டாலும் அது வற்றத்தான் செய்யும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அதை அத்தையிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்கிற தைரியம் இன்றுவரை எனக்கு வரவில்லை.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. அடுத்த தெருவில் இருந்தாலும் எங்கள் வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பது எங்களுக்கு முன்னால் அவருக்குத் தெரியும். நான் நாலாவது படித்த வருஷம் ஐப்பசி அடைமழையில் எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்குக் கன்னம் வீங்கியது. எனக்கும் வந்தது. அம்மா தன் கழுத்தில் தாலிச் செயினுக்கு மேலே போட்டிருந்த மெல்லிய சங்கிலியைக் கழற்றி, எனக்கு இரண்டு சுற்றாகப் போட்டுவிட்டாள். அதன் நடுவில் நெல்மணி அளவுக்கு ஒரு தங்கக் குண்டு தொங்கும். வலி இருந்தது, ஆனால் பள்ளிக்கூடம் இல்லை, அம்மாவும் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் லீவு சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே இருந்தாள். குழைந்த சோற்றைப் பாலில் பிசைந்து ஊட்டினாள். நோய் இன்னும் கொஞ்சம் நீடிக்கட்டும் என்றுதான் நான் ஆசைப்பட்டேன்.

எனக்கு வற்றிப் போய்க் கொஞ்ச நாளைக்கெல்லாம் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பெல்லாம் வலி என்றாள். அப்புறம் கழுத்து வலித்தது. எச்சில் விழுங்கும்போது முகத்தைச் சுளித்துக்கொண்டு காதைப் பிடித்துக்கொள்வாள். அத்தை வந்து விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"புள்ளைகிட்டேர்ந்து தாய்க்கு ஒட்டிக்கிச்சு. சங்கிலிய எடுத்து மாட்டு. ஆஸ்பத்திரிக்குப் போயி ஊசி கீசி போட்டுக்கிட்டு வந்து நிக்காத."

எனக்கு வீங்கியது காதுக்குக் கீழே. அம்மாவுக்கு வீங்கியது தொண்டைக் குழிக்குச் சற்று மேலே, நட்ட நடுவில். இந்த வித்தியாசத்தை வீட்டில் ஒருவரும் பொருட்படுத்தவில்லை. கழுத்தில் வீக்கம், வீட்டில் ஏற்கெனவே ஒருத்திக்கு வந்திருக்கிறது, பீரோவில் தங்கம் இருக்கிறது, அப்புறம் என்ன யோசனை. என் கழுத்திலிருந்து இறங்கிய சங்கிலி அம்மாவின் கழுத்தில் இரண்டு சுற்றாக ஏறியது. குண்டு சரியாகத் தொண்டைக் குழியில் வந்து உட்கார்ந்தது.

புள்ளைகிட்டேர்ந்து ஒட்டிக்கிச்சு என்று அத்தை சொன்னது எனக்குள் தங்கிவிட்டது. என் நோயை அந்தச் சங்கிலி உறிஞ்சி வைத்துக்கொண்டு இப்போது அம்மாவுக்குள் இறக்குகிறது என்று நானாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். யாரும் அதைக் கழுவக்கூட இல்லை. அது கண்ணில் படும்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வீக்கமும் காய்ச்சலும் மெல்லக் குறைந்தன. அத்தைக்கு வெற்றி. ஆனால் அம்மா பழைய அம்மாவாக ஆகவில்லை. மார்கழிக் குளிரில் நாங்கள் எல்லாம் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவள் மட்டும் ஃபேனுக்கு அடியில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருப்பாள். இரண்டு ஆள் சோறு சாப்பிட்டாள், ஆனாலும் ரவிக்கை தோளில் நழுவியது. காப்பி டம்ளரை அவள் எடுத்து வரும்போது டபராவில் அது கடகடவென்று அடித்துக்கொள்ளும். அந்தச் சத்தம் சமையலறையிலிருந்து கிளம்பி என்னை நோக்கி வர வர நான் புத்தகத்துக்குள் தலையைக் குனிந்துகொள்வேன். கண் பளபளவென்று இருந்தது. ஒன்றுமில்லாததற்கெல்லாம் எரிந்து விழுந்தாள். பென்சில் சீவுகிற சத்தத்துக்குக் கூடக் கத்தினாள். வீக்கம் வற்றினாலும் சூடு உள்ளேயே நிற்கிறது, சங்கிலி இன்னும் கொஞ்ச நாள் கிடக்கட்டும் என்றார் அத்தை.

அப்பாவுக்கு மண்டபத்தூர்ப் பக்கம் வயல். கதிர் முற்றி வருகிற சமயம். விடிவதற்குள் போய்விட்டு இருட்டிய பிறகு திரும்பிச் சாப்பிட்டுப் படுத்துவிடுவார். அதனால் அம்மாவின் கோபத்துக்கு வீட்டில் வாய்த்தவள் நான் ஒருத்திதான்.

அந்த நாட்களில்தான் அம்மா எனக்குத் தலை பின்னக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினாள். அதுவரை என் முடியில் அத்தையைக் கூடக் கைவைக்க விட்டதில்லை. திடீரென்று ஒருநாள் சாயங்காலம் என்னைக் கண்ணாடி முன்னால் உட்காரவைத்து, சீப்பைக் கையில் கொடுத்து, "நீயே பின்னு" என்றாள். முடியை மூன்றாகப் பிரித்துக் காட்டியபோது அவள் விரல்கள் என் பிடரியில் நடுங்கின. எனக்கு வரவில்லை. சீப்பு கைதவறிக் கீழே விழுந்தது.

"எத்தன நாளைக்குடி நானே பின்னிவிட முடியும்" என்று கத்தினாள்.

அதோடு நிற்கவில்லை. அடுத்தடுத்த நாட்களில் உலைக்கு விரல் கணுவால் தண்ணீர் அளப்பதைச் சொல்லிக்கொடுத்தாள். கேஸ் அடுப்பைப் பற்றவைக்கவும், முக்கியமாக மறக்காமல் மூடவும் பழக்கினாள். யூனிஃபார்மின் மடிப்புக் கலையாமல் காயப்போடச் சொன்னாள். ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்க்காமலேயே, "அப்பாவுக்குக் கத்தரிக்கா ஒத்துக்காது. ஒடம்பெல்லாம் தடிச்சிடும். ஞாபகம் வச்சுக்க" என்றாள். நான் தலையாட்டினேன். என்னைத் தள்ளிவைக்கிறாள் என்றுதான் நினைத்தேன். நோயைக் கொடுத்தவள் நான். இனிமேல் உன் வேலையை நீயே பார்த்துக்கொள், என் பக்கத்தில் வராதே என்கிறாள். எனக்குக் கிடைத்த தண்டனை அது. ஆகவே அழுதுகொண்டே, ஆனால் ஒழுங்காக எல்லாவற்றையும் கற்றுக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கரண்டு இல்லை. அம்மா சுவரில் சாய்ந்து கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். நான் அவள் எதிரே உட்கார்ந்து பின்னிப் பழகிக்கொண்டிருந்தேன். தற்செயலாகத்தான் அவள் கழுத்தைப் பார்த்தேன். தொண்டைக் குழியில் இருந்த தங்கக் குண்டு துள்ளிக்கொண்டிருந்தது.

காற்று இல்லை. அம்மா அசையவில்லை. கைகள் மடியில் கிடந்தன. சங்கிலி மட்டும் தானாக ஆடியது. சுவர்க் கடிகாரம் டிக்கென்று ஒரு தடவை அடிப்பதற்குள் அது அவசர அவசரமாக எகிறி எகிறி விழுந்தது. உள்ளே இருந்து எதுவோ அதை முட்டித் தள்ளுவது போல இருந்தது. நான் கொடுத்த நோய்தான் அதற்குள் உயிரோடு இருக்கிறது, அம்மாவைக் கொல்லப் போகிறது என்று நினைத்தேன். பின்னாத பாதித் தலையோடு வாசலுக்கு ஓடினேன்.

அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்காக அப்பா வயலிலிருந்து அப்போதுதான் வந்து குழாயடியில் கால் சேறு கழுவிக்கொண்டிருந்தார்.

"அப்பா, அம்மா கழுத்துல சங்கிலி தானா ஆடுது."

"காத்துக்கு ஆடும் பாப்பா."

"கரண்டே இல்லப்பா."

அவர் சிரித்துக்கொண்டேதான் உள்ளே வந்தார். அம்மாவின் எதிரே குனிந்து பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். "ஒண்ணுமில்லங்க, படபடன்னு வருது, போயிடும்" என்றாள் அம்மா. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, ஒரு காலில் சேறு அப்படியே இருக்க, வண்டியை வெளியே எடுத்தார். என்னை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு மூன்று பேரும் டவுனுக்குப் போனோம். வழி முழுக்க அம்மாவின் நெஞ்சு என் முதுகில் அடித்துக்கொண்டே வந்தது. இன்றைக்கும் யாராவது பின்னால் நெருக்கி உட்கார்ந்தால் எனக்கு அந்தச் சாலைதான் ஞாபகம் வருகிறது.

டவுன் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மாவுக்கு வயது குறைவு. அம்மாவைத் தண்ணீர் குடிக்கச் சொல்லிக் கழுத்தைத் தடவிப் பார்த்தார். கைகளை நீட்டச் சொல்லி விரல்கள் மேல் ஒரு காகிதத்தை வைத்தார். காகிதம் படபடத்தது. சங்கிலி எதற்கு என்று கேட்டபோது அப்பா தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை, கழற்றிவிடலாம் என்று மட்டும் சொன்னார். ரத்தம் எடுத்தார்கள். இரண்டாம் தடவை போனபோது விளக்கிச் சொன்னார்.

"இது பொன்னுக்கு வீங்கி இல்லீங்க. கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்கு, அதுல அழற்சி. வைரஸ் காய்ச்சல் வந்துட்டுப் போனதுக்கப்புறம் சிலருக்கு இப்படி ஆவும்."

"கொழந்தைக்கு வந்துச்சுங்களே, அதனாலயா?" என்றார் அப்பா.

"இருக்கலாம். எந்த வைரஸ்னு உறுதியா சொல்ல முடியாது."

இருக்கலாம் என்பது மட்டும் என் காதில் விழுந்தது. மற்றதெல்லாம் வெறும் சத்தம்தான். அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்ப ஹார்ட் இல்லீங்களா? எங்கம்மாவுக்கு இப்படித்தான் படபடன்னு வந்துச்சு, அதுலயே போயிட்டாங்க. எனக்கு அப்ப பத்து வயசு."

இல்லை, உங்கள் இதயம் நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுதாள். நல்ல செய்திக்கு யாராவது இப்படி அழுவார்களா? ஏதோ பெரிய விஷயத்தை என்னிடமிருந்து மறைக்கிறார்கள் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

அந்தச் சுரப்பி சேர்த்து வைத்திருந்ததெல்லாம் புண்ணானதில் ஒரேயடியாக ரத்தத்தில் கொட்டிவிட்டது, அதனால்தான் இந்த நடுக்கமும் வேர்வையும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கொட்டித் தீர்ந்ததும் கொஞ்ச காலம் வறண்டு கிடக்கும், பெரும்பாலும் தானாகச் சரியாகும், சிலருக்கு மாத்திரை தொடர வேண்டிவரும், அதனால் ரத்தப் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார். அப்பா அதைத் தன் பாஷைக்கு மாற்றிக்கொண்டார். வரப்பு உடைந்து தண்ணீர் ஓடிவிட்டது, இனி வயல் கொஞ்ச நாள் காயும், வரப்பைக் கட்டினால் மறுபடி தண்ணீர் நிற்கும். அத்தைக்கும் இப்படியே விளக்கினார். பெரியவர்கள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. எனக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மாத்திரைகளில் நடுக்கம் அடங்கியது. ஆனால் பங்குனி பிறந்தபோது டாக்டர் சொன்ன வறட்சி வந்தது. ஊரே வெயிலில் வெந்துகொண்டிருக்க அம்மா போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். முகம் உப்பியது. குரல் தடித்து வேறு யாருடையதோ போல ஆயிற்று. கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் கேட்டதே மறந்துவிடும். சீப்பில் முடி கொத்தாக வந்தது. இது வரும் என்று அப்பாவுக்குத் தெரியும், ஆகவே அவர் நிம்மதியாக, நெல் அறுத்த வயலில் விளைந்த உளுந்தைக் காயவைத்துக்கொண்டிருந்தார். எனக்கோ முன்னைவிடப் பயம். கத்திக்கொண்டிருந்த அம்மாவாவது வீட்டில் ஒரு ஆளாக இருந்தாள். இப்போது போர்வை ஏறி இறங்குகிறதா என்று அறை வாசலில் நின்று பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவேன். சாயங்காலம் புத்தகப்பையை இறக்குவதற்கு முன்னால் மறுபடி பார்ப்பேன். உலை வைத்தேன். அடுப்பை மூடினேன். கீரைக்காரம்மா கத்தரிக்காயை நீட்டியபோது வேண்டாம் என்றேன். தலையை நானே பின்னிக்கொண்டேன். சங்கிலியைக் கழற்றியதால்தான் இப்படி என்று அத்தை முணுமுணுத்தபோது, அது இருந்த பீரோ பக்கம் கூட நான் போகவில்லை.

ஆனியில் பள்ளிக்கூடம் திறந்து சில நாட்கள் ஆகியிருக்கும். காலையில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பின்னி முடித்து ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தேன். அம்மா பின்னால் வந்து நின்றாள். முகம் வடிந்து பழைய முகமாக இருந்தது. ரிப்பனை இழுத்து அவிழ்த்தாள். பின்னலை அடி வரைக்கும் பிரித்தாள். தப்பாகப் பின்னிவிட்டேன் போலிருக்கிறது, திட்டப்போகிறாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன்.

"என்கிட்டேர்ந்துதானே ஒனக்கு வந்துச்சு" என்றேன். அத்தனை மாதம் அடக்கி வைத்திருந்தது அப்படி வந்து விழுந்தது.

"என்னாடி வந்துச்சு?"

"சீக்கு."

"லூசு. ஒனக்கும் யாருகிட்டேர்ந்தோதானே வந்துச்சு" என்றாள். பிறகு முடியை மூன்றாகப் பிரித்தாள். விரல்கள் நடுங்கவில்லை. வலிக்கிற அளவுக்கு இறுக்கிப் பின்னினாள். அவளைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று எனக்குத் தவிப்பாக இருந்தது. அவள் சொன்னபடியெல்லாம் கேட்ட நல்ல பிள்ளை என்று காட்ட வேண்டும்.

"எனக்கே நல்லா பின்ன வருதும்மா. சோறு வடிக்கவும் வருது. அப்பாவுக்குக் கத்தரிக்கா ஆகாதுங்கிறதும் ஞாபகம் இருக்கு. நீ இல்லாட்டியும் நானே எல்லாம் பாத்துக்குவேன்."

அம்மா என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கண்ணாடியில் அவள் முகம் தெரியவில்லை.

"வேணாம்" என்றாள். "எல்லாத்தையும் மறந்துடு."

அவ்வளவு கத்திக் கத்திக் கற்றுக்கொடுத்ததை ஏன் மறக்கச் சொல்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. பள்ளிக்கூட வேன் வந்துவிட்டது. இந்தத் தடவையும் நான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே ஓடிப்போய் ஏறினேன்.