செம்புத் தகடு

சாத்தூரில் முதுகுவலிக்காக நான் போய்வந்த பிசியோதெரபி அறையில், பக்கத்துக் கட்டிலுக்கு ஓர் அக்கா வருவார். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அடைப்பவர். எவ்வளவு கழுவினாலும் நகக்கண்களில் அலுமினியப் பொடி மினுங்கும். தோள்வலிக்குக் கரண்ட் வைக்க வந்தவர், படுக்கும் முன் ஜன்னல் கம்பியை உள்ளங்கையால் அழுத்திப் பிடிப்பார்.

“எதுக்குக்கா கம்பியத் தொடுறீக?” என்று ஒருநாள் கேட்டேன்.

“கம்பெனி வாசல்ல செம்புத் தகடு இருக்கும். அதத் தொட்டு, ஒடம்புல இருக்குற கரண்ட எறக்கிட்டுத்தான் மருந்து ரூமுக்குள்ள போவோம். இல்லாட்டி பொறி தட்டிரும்.”

“இங்கன கரண்ட ஏத்திக்கிடத்தான வந்திருக்கீக?” என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. “இங்கன விட்டா அங்கன மறந்துரும். மறந்தா நான் மட்டுமா போவேன்? ரூமுல இன்னும் மூணு பேரு இருக்காகல்ல.”

அவர் தோளில் கரண்ட் பட்டைகளை ஒட்டி, மெசின் குமிழைத் திருகிய பிசியோதெரபிப் பெண், “போதுமாக்கா?” என்றாள்.

“கூட்டு தாயி. நாளைக்கு மருந்து அடைக்கையில இந்தக் கை நடுங்கக் கூடாது.”

பொறிக்கு அத்தனை பயந்தவர், பல்லைக் கடித்துக்கொண்டு, இன்னும் கூட்டச் சொன்னார்.