பித்தளைக் குடத்தில் பூத்த குச்சிகள்

பாப்பா, தம்பி, இதை உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். தம்பிக்குத் தமிழை எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்க ஒரு வாரம் ஆகும். அக்காவே போனில் படித்துக் காட்டட்டும். நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன். எழுத்தெல்லாம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை போனில் பாதி சொல்லி நின்றுபோனதை முழுசாகச் சொல்லிவிட வேண்டும்.

ரிச்சர்ட்சன் ஊரில் வாங்கிய வீட்டுக்கு நாம் குடிவந்தது ஒரு தை மாதம். பாப்பாவுக்கு ஏழு வயது. தம்பி அப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். நான் அம்மாவின் விசாவில் வந்தவன், வேலை பார்க்க பெர்மிட் கிடையாது. அம்மா ஆபீஸ் போவாள். சமையல், துணி, உங்களைக் குளிப்பாட்டி ஸ்கூலில் விடுவது எல்லாம் நான். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் கிரகப்பிரவேசத்துக்கு அம்மாவின் ஆபீஸ்காரர்கள், கோயிலில் பழக்கமானவர்கள் என்று ஐம்பது பேர் வருகிறார்கள் என்றதும், இந்த வீட்டில் என் கை பட்டது என்று ஏதாவது ஒன்று தெரிய வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. வாசலை நான் எடுத்துக்கொண்டேன்.

வாழைமரத்துக்கு இங்கே எங்கே போவது? ஃபிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியை வெட்டி இரண்டு வாழைமரம் செய்து பச்சைப் பெயின்ட் அடித்தேன். இலைக்கு நரம்பு போட்டது நீதான் பாப்பா. ஒரு இலைக்கு நடுவில் பட்டாம்பூச்சியும் போட்டாய். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் மாவிலைத் தோரணத்தை நிலையில் கட்டினேன். படி ஓரத்தில் மஞ்சளும் ஊதாவுமாக நாலு தொட்டிப் பூ. எல்லாம் முடிந்து தெருவில் போய் நின்று பார்த்தால், நடுவில், வீட்டோடு வந்த மொட்டை மரம் ஒன்று நிற்கிறது.

இலை உதிரும் ஊர் இது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நம் தெருவில் பாதி ஓக் மரம், குளிரிலும் பச்சையாக நிற்பது. இது மட்டும் கறுத்துப்போய், ஒரு பக்கம் கூன் போட்டு, காய்ந்த அவரைக்காய் மாதிரி பழுப்புக் காய்களைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றது. காற்று அடித்தால் அந்தக் காய்கள் சலசலவென்று உரசும். புது வீட்டு வாசலில் பட்டமரம் நிற்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

"வெட்டிடறேன்" என்றேன் அம்மாவிடம்.

"ஏனுங்க, நல்லாப் பார்த்தீங்களா? நகத்துல கீறிப் பாருங்க."

"அதெல்லாம் பார்த்தாச்சு."

"எப்பப் பார்த்தீங்க?"

"பார்த்தாச்சுங்கறன்ல."

பார்க்கவில்லை. தோட்டக்காட்டில் வளர்ந்தவன் நான். முருங்கையோ கொய்யாவோ காய்ந்தது போலத் தெரிந்தால், பட்டையை நகத்தால் லேசாகக் கீறிப் பார்ப்போம். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. அரை நிமிஷ வேலை. அதைச் செய்யாமல் கராஜிலிருந்து கைரம்பத்தை எடுத்துக்கொண்டு வந்தேன்.

நான் ரம்பத்தை வைத்ததும் எதிர் வீட்டுப் பெரியவர் காபிக் கோப்பையோடு வெளியே வந்தார். குடிவந்த அன்று கை அசைத்தவர், அவ்வளவுதான் பழக்கம்.

"யூ டோன்ட் லைக் இட்?" என்றார்.

"நோ சார். ஃபங்ஷன்" என்றேன்.

"ஃபங்ஷன்" என்று அவரும் சொல்லிப் பார்த்தார். அதற்கு மேல் கேட்க அவருக்குக் கூச்சம்; அதற்கு மேல் சொல்ல எனக்கு இங்கிலீஷ் இல்லை. தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்கு நான் அவரிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். படித்த பெண்டாட்டியின் வீட்டு வாசலில் நின்று, இது செத்த மரமா உயிருள்ள மரமா என்று ஒரு வெள்ளைக்காரரிடம் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது.

இப்போது சொல்லப்போவதைப் போன ஞாயிற்றுக்கிழமை வரை யாரிடமும் சொன்னதில்லை, அம்மாவிடம்கூட.

பாதி அறுத்திருப்பேன். ரம்பம் பிடித்துக்கொண்டது. வெளியே இழுத்தால் பல்லெல்லாம் ஈரத் தூள். காய்ந்த கட்டையில் தூள் மாவு மாதிரி உதிரும். இது ஒட்டிக்கொண்டு வந்தது. குனிந்து பார்த்தேன். பட்டைக்கு அடியில் ஒரு நூல் கனத்துக்குப் பச்சை வட்டம். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

பாப்பா, நீ ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாய். "அப்பா, ஒய் டிட் யூ ஸ்டாப்?"

"கை வலிக்குது கண்ணு."

பாதி அறுத்த மரத்தை அப்படியே விட்டால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அம்மா என்ன கேட்பாள்? இவ்வளவுதான் அந்த நேரத்தில் என் மண்டைக்குள் ஓடியது. மிச்சத்தையும் அறுத்தேன். அடிமரம் ஒரு சாண் நின்றது. அதன் மேல் பலகை போட்டுத் துளசித் தொட்டியை வைத்துவிட்டேன். மறுநாள் வந்தவர்கள் எல்லாம் அட்டை வாழைமரத்தைத்தான் புகழ்ந்தார்கள். ஒரு அங்கிள் அதன் பக்கத்தில் நின்று போட்டோகூட எடுத்துக்கொண்டார்.

வெட்டிய கிளைகளை வேலி ஓரம் குவித்திருந்தேன். நீ அதிலிருந்து ஒரு கை குச்சியை உருவி எடுத்து வந்தாய். "இதை நான் வெச்சுக்கட்டா? டெக்கரேஷனுக்கு."

"செத்த குச்சி எதுக்குச் சாமி?" என்றேன். தெரிந்தே சொன்னேன்.

விசேஷத்துக்கு வாங்கிய பித்தளைக் குடம் சும்மா இருந்தது. அதில் தண்ணீர் ஊற்றிக் குச்சிகளைச் செருகி, ஹாலில் வெயில் விழும் ஜன்னல் பக்கம் முக்காலி போட்டு வைத்தாய். ஸ்கூலில் கத்தரித்த காகிதப் பறவை ஒன்றையும் நூலில் கட்டித் தொங்கவிட்டாய். ஒன்றுவிட்டு ஒருநாள் தண்ணீர் மாற்றுவாய். மாற்றும்போது தரையெல்லாம் ஈரம், அதில் தம்பி உட்கார்ந்து கையால் தட்டுவான். இரண்டு தடவை அவனுக்குச் சளி பிடித்தது.

மாசி பாதியில் ஒரு சனிக்கிழமை காலை. நான் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். நீ வந்து என் கையைப் பிடித்து இழுத்தாய். "அப்பா, கம். டோன்ட் டாக்."

குச்சியின் கறுத்த பட்டையைக் கிழித்துக்கொண்டு கடுகு அளவுக்கு மொட்டுகள். காம்பு இல்லை, இலை இல்லை, நேராக மரத்தோலில் இருந்தே. நாலைந்து நாளில் விரிந்துவிட்டன. அவரைப்பூ மாதிரியே இருக்கும், நிறம் மட்டும் ரோஸும் கத்தரிப்பூ நிறமும் கலந்தது. அம்மா அன்றைக்குத்தான் குளிர்காலத்துக் கனத்த திரையை இறக்கிவிட்டு, பழைய மஞ்சள் சுங்குடிப் புடவையைத் தைத்து ஜன்னலுக்கு மாட்டினாள். மஞ்சள் வெளிச்சத்தில் அந்த ரோஸ். வீடு வாங்கிய பிறகு அது நம் வீடு என்று எனக்குத் தோன்றிய முதல் நாள் அது.

தம்பி ஒரு பூவைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டான். அம்மா பதறி விரலை விட்டுத் தோண்டினாள். பிறகு எதிர் வீட்டுப் பெரியவர்தான் சொன்னார், அது தின்கிற பூதானாம். மரத்தின் பெயர் ரெட்பட் என்றும் அவர்தான் சொன்னார். சொல்லிவிட்டு என் வாசலில் இருந்த துளசித் தொட்டியை ஒரு பார்வை பார்த்தார். அடுத்த வாரம் தெருவில் ஆறேழு வீடுகளில் அதே மரம், கிளையே தெரியாமல் பூத்து நின்றது. நம் வீட்டில் மட்டும் குடத்தில்.

நீ ஒரு குச்சியை ஸ்கூலுக்கு எடுத்துப் போனாய். சாயங்காலம் காரில் ஏறியதும் கேட்டாய்.

"அப்பா, மிஸ் சொன்னாங்க, அது டெட் இல்லையாம், ஸ்லீப்பிங்காம். அப்ப நீங்க தூங்கிட்டு இருந்த மரத்தை வெட்டினீங்களா?"

கண்ணாடியில் உன் முகத்தைப் பார்த்தேன். கோபமே இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிறாய்.

"இல்ல கண்ணு. அது நிஜமாவே செத்துத்தான் போயிருந்துச்சு. நீ தண்ணி ஊத்தினதால உசுரு வந்துச்சு."

மறுநாள் நீ கிளாஸில் எழுந்து, மிஸ் சொன்னது தப்பு என்று சண்டை போட்டு அதையே சொல்லியிருக்கிறாய். எல்லாரும் சிரித்தார்களாம். வீட்டுக்கு வந்து அழாமல், ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னாய்: "தே டோன்ட் நோ, அப்பா."

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். நான் உனக்குப் பணியாரம் சுட்டுக் கொடுத்தேன்.

சித்திரையில் அடிமரத்திலிருந்து பலகையை முட்டிக்கொண்டு துளிர் வந்தது. தொட்டியை எடுத்துவிட்டேன். அரிசி களைந்த தண்ணீர், டீத்தூள், எது மிஞ்சினாலும் அதற்குத்தான். "பெத்த புள்ளைகளைக்கூட இப்படிப் பார்த்துக்கலை" என்று அம்மா கிண்டல் செய்வாள். மூன்று கிளையாக எழுந்து, நாலாம் வருஷம் தானே பூத்தது. அதற்குள் நம் வீட்டில் ஒரு பழக்கமே வந்துவிட்டது. தை முடிந்தால் குடத்தைப் புளி போட்டுத் தேய்ப்பது, மஞ்சள் திரை மாட்டுவது, தெருவில் யார் வீட்டிலாவது கேட்டு வாங்கி நாலு ரெட்பட் குச்சி வைப்பது. பிறகு நம் மரத்திலிருந்தே. அம்மா தயிர்ச்சாதத்தின் மேல் நாலு பூ தூவுவாள். தம்பி பூவை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுச் சாதத்தை எனக்குத் தள்ளுவான். பெர்மிட் வந்ததும் நான் செடி விற்கும் நர்சரியில் வேலைக்குச் சேர்ந்தேன். வீட்டுக்கு யார் வந்தாலும், பாப்பா, நீ அந்தக் குடத்தைக் காட்டிக் கதை சொல்வாய்: எங்கப்பா செத்த மரத்தை வெட்டினார், நான் தண்ணீர் ஊற்றினேன், பூத்தது. வயசு ஏற ஏற உயிர் வந்த கதை போய்விட்டது. மரத்துக்கு நோய், பாதி செத்திருந்தது, அதனால் வெட்டினார் என்று நீயே ஒரு காரணம் கண்டுபிடித்து என்னைக் காப்பாற்றி வைத்திருந்தாய்.

போன ஞாயிற்றுக்கிழமை நியூ ஜெர்சியிலிருந்து நீ கூப்பிட்டாய். உன் புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம், தையின் கடைசி முகூர்த்தம். வாசலில் இலையில்லாத ஒரு மரம். அதை எடுத்துவிடலாம் என்று உன் மாமியார் சொல்கிறார்.

"அப்பா, ஸ்பீக்கர்ல போடறேன், அத்தைகிட்ட நீங்களே சொல்லுங்க. நம்ம மரம் டெட், அதனால வெட்டினீங்க. இது உயிரோட இருக்கு, நான் கீறிப் பார்த்துட்டேன். அத்தை, எங்கப்பா நர்சரியில இருந்தவர். உயிரோட இருக்கற மரத்து மேல கையே வைக்க மாட்டார்."

"சொல்லுங்க சம்பந்தி" என்றார் அந்தம்மா. "வாசல்ல மொட்டையா நிக்குது. பார்க்கவே நல்லால்ல."

ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். மரமும் பிழைத்திருக்கும், நானும் பிழைத்திருப்பேன். நீ சொன்ன அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை விடவில்லை.

"இல்லீங்க சம்பந்தி. நான் வெட்டினது செத்த மரம் இல்லீங்க. உசுரோட இருந்துச்சு. பாதி அறுக்கும்போதே தெரியும். வர்றவங்க என்ன நினைப்பாங்களோன்னு மிச்சத்தையும் அறுத்துட்டேன். நீங்க அதைப் பண்ணிடாதீங்க."

அந்தம்மாதான் முதலில் சிரித்தார். "விடுங்க சம்பந்தி. பூக்காரங்க வர்றாங்க, ரெண்டு முழம் கூடச் சொல்லி அதுக்கும் சுத்திவிட்டுட்டாப் போச்சு. மொட்டைன்னு யார் சொல்லப்போறா?"

ஸ்பீக்கரை நீ எடுத்துவிட்டாய் என்பது சத்தத்தில் தெரிந்தது.

"அப்பா, நான் அந்த மிஸ்கிட்ட சண்டை போட்டேன்."

"தெரியும் சாமி."

"எல்லாரும் சிரிச்சாங்க."

"தெரியும்."

"அப்புறம் பேசறேன்ப்பா" என்று வைத்துவிட்டாய்.

உன் மரம் நிற்கும், அதில் எனக்குச் சந்தோஷம். உனக்கு என் மேல் கோபமா என்று தெரியவில்லை. இருந்தால் அது நியாயம்தான். அந்த மிஸ் சொன்னது சரி. சிரித்த பிள்ளைகள் சரி. நீயும் தப்புச் செய்யவில்லை, அப்பா சொன்னதை நம்பினாய். தப்பு காரில் நான் சொன்ன அந்த ஒரு பதிலில்தான். அடுத்த வாரம் விசேஷத்துக்கு வருவேன். முகத்தைப் பார்த்தும் சொல்கிறேன்.

போனை வைத்தபோது அம்மா கடைக்குப் போயிருந்தாள். வாசலுக்குப் போனேன். மரம் இன்னும் மொட்டையாகத்தான் நின்றது, காய்ந்த காய்கள் சலசலத்துக்கொண்டு. பூக்க இன்னும் ஒரு மாதமாவது ஆகும். அடியில் குனிந்து, பழைய வெட்டுக்கு மேலே கட்டைவிரல் நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்தேன். பச்சை. தொட்டியிலிருந்து கொஞ்சம் ஈர மண் எடுத்துக் கீறிய இடத்தில் அப்பி, விரலால் அழுத்திவிட்டு உள்ளே வந்தேன்.