பெரட்டில் இல்லாத பெயர்

கொரோனா வந்து பள்ளிக்கூடங்களை மூடிய வருஷம் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள், நாங்கள் ஏழு பேரைத் தவிர. எங்கள் அம்மா ஓ.எல். பரீட்சை பாஸானவள். அந்த ஒரு குற்றத்துக்காக எங்கள் வாசலிலேயே ஒரு பள்ளிக்கூடம் முளைத்துவிட்டது. மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வேறு எந்த லயத்திலும் இந்தக் கொடுமை நடந்ததாக நான் கேள்விப்படவில்லை.

அப்பாவும் சித்தப்பாவும் கொழும்பில் கடை வேலைக்குப் போனவர்கள், ஊரடங்கில் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். வரிசை வீடுகளான லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்களில் நாங்களும் சித்தி குடும்பமும் இருந்தோம். சித்தி அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. எங்கள் வீட்டில் ஐந்து பிள்ளைகள், சித்திக்கு மூன்று. எல்லோருக்கும் மூத்தவள் நான், பதினொரு வயது. ஊரே முடங்கினாலும் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுப்பது நிற்கவில்லை. ஆனால் வேலைக்குப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவை மூடிவிட்டார்கள். இரண்டு பெண்களில் ஒருத்தி வீட்டில் நின்றாக வேண்டும். சித்திதான் வழி சொன்னாள். அக்கா படித்தவள், அவள் பிள்ளைகளைப் பார்க்கட்டும், தான் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போவதாகச் சொல்லிக் கூடையை எடுத்துக்கொண்டாள்.

அம்மாவுக்குத் தெரிந்த ஒழுங்கு தோட்டத்து ஒழுங்குதான். தோட்டத்தில் காலையில் பெரட்டு என்று ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு, யாருக்கு எந்த மலை என்று பிரித்து அனுப்புவார்கள். அம்மாவும் ஏழரை மணிக்கு எங்களை வாசலில் வரிசையாக நிறுத்திப் பெரட்டு எடுப்பாள். பேர் கூப்பிட்டதும் "இருக்கேன்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். எங்களுக்கு, முகம் கழுவாமல் வந்தால் அன்றைக்குப் பேர் இல்லை. கணக்கை முடிக்காவிட்டால் அரைப்பேர். அரைப்பேர் விழுந்தால் பின்னேரம் விளையாட்டும் பாதிதான். ஆட்களை மேய்க்கிற கங்காணி நான். எனக்கு ஒரு பிரம்பும் கொடுத்திருந்தாள், யாரையும் அடிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. அடிக்கக் கூடாத பிரம்பு என்பதை என் பெரிய தம்பி மூன்றே நாளில் கண்டுபிடித்துவிட்டான். அதோடு கங்காணிக்கு இருந்த மரியாதையும் போய்விட்டது.

சித்தியின் கடைசிப் பையனுக்கு ஒன்றரை வயது. எல்லோருக்கும் அவன் சின்னவன். எழுதத் தெரியாதவன் என்பதால் அவன் பெயர் பெரட்டில் இல்லை. ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தில் அதிக வேலை வைத்தது அவன்தான். சோக் கட்டியைத் தின்பான். கொப்பியைக் கிழிப்பான். யாராவது வாய்ப்பாடு சொன்னால் அவர்களுடைய வாய்க்குள் கையை விடுவான். அதனால் மணிக்கு ஒருவர் அவனைத் தூக்கி வைத்திருக்க வேண்டும் என்று அம்மா முறை வைத்திருந்தாள்.

வீட்டில் ஆளில்லாதபோது, நடக்கப் பழகிய பிள்ளையின் இடுப்பில் பழைய சேலையைச் சுற்றிக் கதவு நிலையில் கட்டிவிட்டுப் போவது எங்கள் பக்கத்தில் உண்டு. பிள்ளை அடுப்பில் விழாது, வாசல் சாக்கடைக் கானில் விழாது, அவ்வளவுதான். அம்மாவுக்கு அது அறவே பிடிக்காது. அவளையும் சித்தியையும் அப்படிக் கட்டிப்போட்டுத்தான் வளர்த்தார்களாம். எந்தப் பிள்ளையையும் கட்டக் கூடாது என்பது எங்கள் பள்ளிக்கூடத்தின் முதல் சட்டம்.

டீச்சர்மார் பாடங்களைப் போனில் அனுப்பினார்கள். எங்கள் லயத்தில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் பின்பக்கத்துக் கொய்யா மரத்தடி. போனைக் கிளையில் சொருகி வைத்துவிட்டுக் கீழே சாக்கு விரித்து உட்காருவோம். அன்றைக்கு என் வகுப்புக்கு எரிமலை வீடியோ வந்திருந்தது. அன்றைக்கென்று பார்த்து, சின்னவனைத் தூக்குகிற முறையும் என்னுடையது. அவன் என் இடுப்பில் இருந்தபடி போனை எட்டி எட்டிப் பிடித்தான். இரண்டு தடவை வீடியோ நின்றுபோனது. மறுபடி ஓடத் தொடங்க ஒவ்வொரு தடவையும் ஒரு யுகம் ஆகும். அம்மா சோற்றுப் பானையைப் பார்க்க உள்ளே போயிருந்தாள்.

கொடியில் கிடந்த சேலைத் துண்டை எடுத்தேன். மரக்கறித் தோட்டத்து வேலிக்கு அந்தப் பக்கம் அவனைக் கொண்டுபோய், இடுப்பில் சுற்றி, கட்டையில் கட்டினேன். கொழுந்துச் சாக்கின் வாயைக் கட்டுகிற முடிச்சுப் போட்டேன். இழுக்க இழுக்க அது இறுகும். வேலி முழுக்கப் போஞ்சிக் கொடி படர்ந்திருந்ததால் அம்மா வந்தாலும் அவன் தெரியமாட்டான். ஒரு கரண்டியைக் கொடுத்ததும் அழாமல் மண்ணைத் தோண்டத் தொடங்கினான். வீடியோ முடிந்ததும் அவிழ்த்துவிடலாம் என்று நினைத்தேன். இவ்வளவு சுலபமான வேலைக்கு அம்மா ஏன் சட்டம் போட்டாள் என்றும் நினைத்தேன்.

மேட்டு லயத்துக்கு அப்பால் ஒரு பெரிய மரத்தில் குளவிக் கூடு இருந்தது. ஏதோ பருந்து கூட்டில் மோதிவிட்டதாகப் பிறகு சொன்னார்கள். எங்களுக்கு முதலில் கேட்டது, "குளவி, ஓடுங்க" என்று மேலேயிருந்து வந்த ஒரு குரல். அதன் பிறகு அந்த இரைச்சல். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, கைக்கு அகப்பட்டவர்களை இழுத்து, மற்றவர்களைத் தள்ளி, எல்லோரையும் காம்பராவுக்குள் போட்டுக் கதவைச் சாத்தினாள். எல்லோருக்கும் முன்னால் ஓடியது நான்தான்.

கதவிடுக்கில் துணியை அடைத்துவிட்டு அம்மா திரும்பினாள். கதவடைத்த இருட்டில் சட்டென்று யார் எங்கே என்று தெரியவில்லை. இரண்டு பேருக்குக் கொட்டியிருந்தது, கத்திக்கொண்டிருந்தார்கள். அப்போது அம்மா தினமும் செய்வதையே செய்தாள். பேர் கூப்பிட்டாள். ஒவ்வொருவராக "இருக்கேன்" என்றோம். கொட்டு வாங்கியவர்கள்கூட அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னார்கள். நானும் சொன்னேன். ஏழு பேருக்கும் பதில் வந்துவிட்டது. அம்மா சுவரில் சாய்ந்து சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

நான் மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். கதவு சாத்தியதுமே எனக்கு நினைவு வந்துவிட்டது. ஆனால் வாய் திறக்கவில்லை. நான் செய்த காரியத்தை இன்று நினைத்தாலும் எனக்குத் திக்கென்கிறது. குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். என் கையால் வேலியில் கட்டிய பிள்ளையைக் கட்டிலுக்கு அடியில் தேடினேன். அங்கே அப்பாவின் பழைய சப்பாத்து மட்டும் கிடந்தது.

"அம்மா, தம்பிய காணோம்," என்றாள் என் நாலு வயதுத் தங்கை.

அம்மா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். என் முகத்துக்கு வந்ததும், அவள் கேட்காமலே, என் கை பின்பக்கத்தைக் காட்டியது. நான் காட்டவில்லை, கைதான் காட்டியது. அம்மா மழைக்குப் போர்த்துகிற கம்பளியை ஆணியிலிருந்து உருவித் தலையில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள். வெளியே போனதும், கதவைச் சாத்தச் சொல்லிக் கத்தினாள். நான் சாத்தினேன். அம்மாவை வெளியே விட்டுக் கதவைச் சாத்தியதும் நான்தான்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. தூக்கிக்கொண்டு ஓடிவர வேண்டிய நேரத்தைவிட மிக அதிகம். முடிச்சு அவிழவில்லையாம். கடைசியில் கம்பளியை அவன்மேல் போர்த்திவிட்டு, மண்டியிட்டு, பல்லால் கடித்துச் சேலையைக் கிழித்தாளாம். காலால் கதவை உதைத்தாள். திறந்ததும் உள்ளே வந்தவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. கண் இரண்டும் மூடிப்போய், உதடு தடித்து, முடிக்குள் இன்னும் குளவிகள் ஊர்ந்தன. சின்னவன் கம்பளிக்குள் இருந்தான். அவன் அழவில்லை. எட்டுப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் பிள்ளை அழாவிட்டால் எவ்வளவு பயமாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மேட்டு லயத்து ஆட்கள் சாக்கைக் கொளுத்திப் புகை போட்டுக்கொண்டே வந்தார்கள். கொழுந்து லொறியை வாசலுக்கே கொண்டுவந்தார்கள். செய்தி மலைக்குப் போய், சித்தி முதுகில் கூடையோடே ஓடிவந்தாள். பிள்ளையை வாங்கினாள். அவன் இடுப்பில் சேலைத் துண்டு இன்னும் சுற்றியிருந்தது. அதைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அக்கா, யாரு இவன கட்டுனது?"

நான் அம்மாவுக்குப் பின்னால் நின்றேன். வாசல் முழுக்க ஆட்கள். அம்மா தடித்த உதட்டோடு மெதுவாகச் சொன்னாள்.

"நான்தான்டி. பாடம் நடந்துச்சு, கட்டிப்புட்டேன்."

சித்தி பிள்ளையோடு லொறியில் ஏறினாள். அம்மாவையும் பிடித்து ஏற்றினார்கள். ஒரே லொறியில் இரண்டு மூலையில் இருவரும் உட்கார்ந்துபோனதை நான் பார்த்தேன்.

பதுளை ஆஸ்பத்திரியில் அம்மா மூன்று நாள் இருந்தாள். சின்னவன் ஒன்பது நாள் இருந்தான். முதல் இரண்டு நாள் பிழைப்பானா என்றே யாருக்கும் தெரியவில்லை. அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு வந்துவிட்டான். வந்த அன்றைக்கே சோக் கட்டியைத் தேடித் தின்றான். இப்போது பள்ளிக்கூடம் போகிறான், அவனுக்கு இதெல்லாம் ஒன்றும் நினைவில்லை.

சித்தி மட்டும் அம்மாவோடு பேசவில்லை. தன் பிள்ளைகளைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். நடுச்சுவருக்கு இந்தப் பக்கம் அம்மா இருமினால் அந்தப் பக்கம் சித்தி ரேடியோவைக் கூட்டுவாள். பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால், ஓ.எல். படித்தவள் பிள்ளையை மாடு மாதிரிக் கட்டியிருக்கிறாள் என்று பெண்கள் அம்மாவின் காதுபடப் பேசினார்கள். அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். எங்களுக்கும் அவள் அதன் பிறகு பெரட்டு எடுக்கவில்லை. தம்பிமார் கொண்டாடினார்கள்.

எனக்கோ பெரிய ஆறுதல். விஷம் தலைக்கேறினால் ஞாபகம் தடுமாறும் என்று லயத்தில் யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். அம்மாவுக்கும் அப்படித்தான் ஆகியிருக்கிறது, கட்டியது தான்தான் என்று உண்மையாகவே நம்புகிறாள் என்று முடிவு செய்தேன். அவளுக்கு ஞாபகம் திரும்பிவிடக் கூடாதே என்று கோயிலில் வேண்டிக்கொள்ளவும் செய்தேன்.

ஆனால் சித்திக்கு என்மேல் மட்டும் கோபமில்லை. முன்பைவிட அதிகமாகக் கூப்பிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுப் படியில் என்னை உட்கார வைத்து எண்ணெய் தேய்த்துத் தலை பின்னிவிட்டாள். பின்னிக்கொண்டே சொன்னாள். "ஒங்கையில குடுத்திருந்தா எம்புள்ளைக்கு இந்தக் கதி வந்திருக்காதுடி."

நான் தலையை ஆட்டினேன். தலையை ஆட்டாதே, வகிடு கோணுகிறது என்றாள் சித்தி. நிமிர்ந்தபோது அம்மா பீலியிலிருந்து தண்ணீர் வாளியோடு வந்து எங்கள் முன்னால் நின்றிருந்தாள். சித்தி சொன்னது அவளுக்கும் கேட்டிருக்கும். என்னைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. பிறகு போய்விட்டாள்.

தன் மகள் சித்தியிடம் ஒட்டிக்கொண்டதில் அம்மாவுக்குப் பொறாமை என்று நான் நினைத்தேன். பாவமாகவும் இருந்தது. அதனால் சித்தி கொடுத்த நாலு பிஸ்கட்டில் ஒன்றைத் தின்னாமல் கொண்டுபோய், சித்தி கொடுத்தது என்று சொல்லி அம்மாவிடம் நீட்டினேன். அம்மா அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டு அதை வாங்கினாள். கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, துளித்துளியாகக் கடித்துத் தின்றாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. விறகு ஈரம், புகைதான் என்று நினைத்துக்கொண்டு மிச்சப் பிஸ்கட்டைத் தின்ன வெளியே ஓடினேன்.