சாட்சிக்கு வந்த கோணல் வாய்

என் வலிப்பின் முதல் நொடியை நான் பார்த்ததே இல்லை. பார்த்தவர் என் கணவர் ஒருவர்தான். மண்ணாய்ப் போக என்று காலையும் மாலையும் நான் சபித்த அந்த வாயிலிருந்து ஒரு சொல் விழுவதற்காக, ஒருநாள் நானே காத்திருக்கும்படி ஆயிற்று.

கல்யாணமான இரண்டாம் வருஷம் உலக்கையால் அடித்தார், வலது காதுக்கு மேலே. புண் ஆறியது. சில மாதம் கழித்து வலிப்பு வந்தது. "பொறந்த ஊட்டுலிருந்து கொண்டாந்த சீக்கு" என்று திருச்செங்கோட்டுச் சந்தை முழுக்கச் சொல்லிவிட்டு, நாமக்கல்லில் இருந்த என் அம்மா வீட்டுக்கு வண்டியேற்றினார். மேட்டூர்ப் பக்கம் அவருக்கு வேறு பெண் பேசினார்கள்.

சுதந்திரம் வந்த புதிது. பட்டணத்து ஆஸ்பத்திரி ஒன்றில் மூளையின் அலையை எழுதும் யந்திரம் இருக்கிறதென்று கேள்விப்பட்டு என் தம்பி கூட்டிப்போனான். தலைச்சூடு தணியட்டும் என்று அம்மா கால்படி விளக்கெண்ணெயைத் தேய்த்து அனுப்பியிருந்தாள். தலையில் ஒட்ட வேண்டிய கம்பி ஒன்றுகூட ஒட்டவில்லை. "தலையா இது, செக்கா?" என்றாள் நர்ஸம்மா. நல்லவேளை, மூட்டையில் எண்ணெய் போக்கும் அரப்புப் பொடி இருந்தது. மூன்று தரம் தேய்த்துக் குளித்தேன்.

பிறகு கம்பிகள் கவ்வின. காகிதம் ஓடியது, பேனாமுனைகள் வரிசையாக அசைந்தன. ஏரித் தண்ணீர்மேல் காற்று நடந்த மாதிரி கோடுகள். திடீரென்று இரண்டே முனைகள் குதித்தன. காகிதத்தில் முள் முளைத்தது.

"வலது பக்கத்துலதான் ஆரம்பிக்குது போல" என்றார் டாக்டர். "ஆனா கோட்டை மட்டும் நம்பி மண்டையைத் திறக்க மாட்டேன். உடம்புல எது மொதல்ல துடிக்குதுன்னு பாத்தவங்க சொல்லணும். ரெண்டும் ஒத்துப் போனாத்தான் ஆப்பரேஷன்."

அம்மாவும் தம்பியும் ஓடி வருவதற்குள் என் உடம்பு முழுக்க ஆடிக்கொண்டிருக்கும்; தொடக்கத்தைப் பார்த்த என் கணவருக்கு ஆள் அனுப்பினோம். சந்தோஷமாகவே வந்தார். பிறவி நோய் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டால் புதுக் கல்யாணத்துக்குத் தடையில்லை அல்லவா?

"எல்லாம் ஒண்ணாத்தானுங்க ஆடும். கையி, காலு, மூஞ்சி… எது மொதல்லன்னு யாரு கண்டாங்க சாமி?"

டாக்டர் பேனாவை மூடினார். நாத்தனார் எப்போதோ சொன்னது அப்போதுதான் நினைவில் தட்டியது. நான் மயங்கிக் கிடக்கையில் இவர் களத்துக்குப் போய், நெல் தூற்றும் பெண்களுக்கு என் வலிப்பை அப்படியே நடித்துக் காட்டுவாராம். வயிறு வலிக்கச் சிரிப்பார்களாம்.

"ஏனுங்க," என்றேன், ஒரு மரியாதையும் குறையாமல். "களத்துல ஆடிக் காட்டுவீங்களாமே, அதை டாக்டரய்யாவுக்கும் ஒருக்கா ஆடிக் காட்டுங்க. உங்களாட்டம் வேற யாருக்கு வருமுங்க?"

புகழ்ச்சி அவருக்கு வெல்லம். மேல்துண்டை இடுப்பில் கட்டினார். இடது கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கித் துடித்தது. பிறகு மணிக்கட்டு, முழங்கை. வாயின் இடது ஓரம் காதை நோக்கி ஓடியது. எச்சில்கூட ஒழுகவிட்டார். கடைசியில்தான் கால். என் நோயை அன்றுதான் நான் முதன்முதலாகப் பார்த்தேன், அவர் உடம்பில்.

"போதும்" என்றார் டாக்டர். "இடது கட்டைவிரல். இடது கையை ஆட்டுறது வலது மூளை. கோடு சொன்னதும் அதுதான்." என் மயிரை விலக்கினார். "இதென்ன தழும்பு?"

"உலக்கைங்க. போட்டவரு இங்கதான் நிக்கறாருங்க. வாயை இன்னும் நேராக்கலைங்க."

தம்பி சிரித்தான். நர்ஸம்மாவும்.

தழும்புக்கு நேர் கீழே திறந்தார்கள். அதன்பின் வலிப்பு எட்டிப் பார்க்கவில்லை. தையல் பிரித்த அன்று டாக்டரிடம் கேட்டேன்: "அவரு ஆசைப்பட்டு வந்த கடுதாசியை எழுதிக் குடுங்க. சீக்கு எதனால வந்துச்சுன்னு. இங்கிலீசுல வேண்டாங்க, தமிழ்ல."

"அவருக்கா?"

"பொண்ணு குடுக்கப் போற ஊட்டுக்குங்க."

தம்பி நேரில் போய்க் கொடுத்தான். கல்யாணம் நின்றது. ஒரு பெண்ணைக் காப்பாற்றினாய் என்று இன்றும் மெச்சுகிறவர்கள் உண்டு. அந்தப் பெண்ணின் முகம்கூட எனக்குத் தெரியாது. என் கணவரின் வாய் இன்னொரு தரம் கோணட்டும் என்றுதான் அனுப்பினேன்.