டாக்டரம்மாவுக்கு அடித்த கோழி

என் அம்மாவின் தொழிலைப் பற்றி யாராவது பெருமையாகப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் முதலில் வரும். சாப்பிட மறுக்கும் பிள்ளைகளைச் சாப்பிட வைப்பது அவளுடைய வேலை. கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! வீட்டில் சோற்றுக்குக் குறைவிருக்காது, ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. ஆனாலும் தட்டைக் கண்டால் நடுங்கி, மெலிந்து மெலிந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும் பிள்ளைகள் அவளிடம் வருவார்கள். மனநல நிபுணரான அம்மா ஊசி போடமாட்டாள், மாத்திரை எழுதமாட்டாள். பெற்றவர்கள் இருவரையும் உட்காரவைத்து, சாப்பாடுதான் மருந்து, அதைக் கொடுக்கவேண்டியது நீங்கள் இரண்டு பேரும்தான் என்று சொல்லி அனுப்புவாள். அவர்களும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். வீட்டில் தட்டை வைத்ததும் கைகால் ஓடாமல் அம்மாவுக்குத்தான் போன் போடுவார்கள்.

இதனால் ஊரெல்லாம் சாப்பிடும் நேரம் அம்மாவுக்கு வேலை நேரமாகிவிட்டது. வேலூரில் எங்கள் வீட்டு மேசையில் தோசை ஆறிக்கொண்டிருக்கும். அம்மா பால்கனியில் நின்றுகொண்டு, "முழு தோசை வைங்க. பாதி போதும்னு பேரம் பேசுவா, விடாதீங்க" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருப்பாள். நான் பாதி தோசையோடு எழுந்து போனது அவள் கண்ணில் பட்டதே இல்லை.

நான் நாலாவது படித்தபோது ஒரு சனிக்கிழமை அப்பா வெளியூர் போயிருந்தார். என்னை விட்டுவிட்டுப் போக ஆளில்லாமல் அம்மா தன்னோடு புதூர்நாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். திருப்பத்தூர் தாண்டி மலை வளைவுகளில் கார் ஏறும்போது காலையில் தின்ற இட்லியெல்லாம் வெளியே வந்துவிட்டது. வாயைக் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்த அம்மா, அங்கே போய்ச் சாப்பிடலாம் என்றாள். அதை நம்பினேன் பாருங்கள், அதுதான் என் தப்பு.

நாங்கள் பார்க்கப் போனது பத்தாவது படித்த ஓர் அக்காவை. கீழே விடுதியில் தங்கிப் படித்தவள், லீவுக்கு வந்த இடத்தில் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. மந்திரித்துக் கயிறு கட்டினார்கள், சாமி பார்த்தார்கள். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில், இதயம் ரொம்ப மெதுவாகத் துடிக்கிறது, இன்னும் கொஞ்சம் எடை குறைந்தால் படுக்கவைத்துக் குழாய் வழியாகத்தான் ஊட்டவேண்டும், அப்போதும் உத்தரவாதம் இல்லை என்று சொல்லி அம்மாவிடம் அனுப்பினார்கள். ஏன் எதற்கு என்பதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் சோறு என்றாள் அம்மா. வேலூரில் எல்லாவற்றுக்கும் சரிங்க சரிங்க என்ற பெற்றோர், மலை ஏறியதும் கோட்டை விட்டார்கள். ஒருவேளைச் சாப்பாட்டையாவது கூடவே இருந்து பார்த்துவிட வேண்டும் என்றுதான் அம்மா அவர்கள் வீட்டுக்கே கிளம்பினாள். அந்த அக்கா பிழைத்துக்கொண்டதால்தான் இதையெல்லாம் இன்றைக்கு இப்படிச் சலித்துக்கொண்டு சொல்ல முடிகிறது.

மதியச் சாப்பாடு தயாராக இருக்கட்டும் என்று அம்மா முன்னாலேயே போனில் சொல்லியிருந்தாள். தயாராகத்தான் இருந்தது. நாட்டுக்கோழிக் குழம்பின் வாசனை தெருவுக்கே வந்து எங்களை வரவேற்றது. உள்ளே போனால் கூடத்தின் நடுவில் இரண்டே இரண்டு வாழை இலை. ஒன்று என் அம்மாவுக்கு, ஒன்று எனக்கு. அக்காவின் அப்பா பரிமாறுவதற்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். அக்காவின் அம்மா சமையலறை வாசலை விட்டு வெளியே வரவில்லை. யாருக்காக நாங்கள் மலையேறி வந்தோமோ அவள், அந்த வெயிலில் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு சுவரோரமாகச் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இலையும் இல்லை, தட்டும் இல்லை.

அம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "நான் விருந்துக்கு வரலீங்க. பொண்ணுக்கு இந்தப் பக்கம் நீங்க, அந்தப் பக்கம் உங்க வீட்டம்மா. மூணு பேரும் சாப்பிடணும். நான் ஓரமா உக்காந்து பாத்துக்கறேன்."

"இன்னாங்க டாக்டரம்மா இப்டி சொல்றீங்க!" அவர் பதறிப்போனார். "வூடு தேடி வந்தவங்கள ஓரமா குந்த வச்சிட்டு நாங்க துன்றதா? நாளைக்கி ஊர்ல தல காட்ட முடியுங்களா? மொதல்ல நீங்க சாப்புடுங்க. அதுக்கு அப்பறமா குடுத்துக்கலாம்."

வாசலிலிருந்து அக்காவின் அம்மா, "ஆம்பளைங்களோட சரிசமமா குந்தி நான் என்னிக்கிங்க துன்னுகீறேன்? எல்லாம் முடிஞ்சப்பறம் அடுப்பண்டையே ரெண்டு வாய் போட்டுக்குவேன்" என்று இழுத்தாள்.

அம்மா விளக்கினாள். அவர் மறுத்தார். அம்மா திரும்பவும் விளக்கினாள். அவர் திரும்பவும், சாப்புட்டுட்டு பேசலாங்க என்றார். என் இலையில் சாமைச் சோறும் கோழியும் ஆவி பறந்துகொண்டிருந்தன. நான் கையை நீட்டியபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு யாருமே எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னாள்.

"சரிங்க. நீங்க ரெண்டு பேரும் உக்காந்தா நானும் எம் பொண்ணும் சாப்பிடுறோம். இல்லன்னா ரெண்டு பேரும் பட்டினியாவே மலைய விட்டு எறங்குறோம்."

பட்டினி கிடக்க எனக்குச் சம்மதமா என்று ஒரு வார்த்தை கேட்டாளா? கேட்கவில்லை. ஆனால் அது வேலை செய்தது. விருந்தாளி பசியோடு படி இறங்கினால் அந்த வீட்டுக்கு அதைவிட அவமானம் வேறில்லை. அவர் சட்டென்று மகளுக்கு ஒரு பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் மனைவி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, புருஷன் முகத்தைப் பார்க்காமல் இன்னொரு பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டாள். மூன்று பேருக்கும் என் அம்மாவே தட்டு வைத்துப் பரிமாறிவிட்டு, என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தாள்.

அதன்பிறகு ஆரம்பித்தது கூத்து. அக்கா, தண்ணி வேணும் என்றாள். அவள் அம்மா எழுந்தாள். "உக்காருங்க, செம்பு பக்கத்துலயே இருக்கு" என்றாள் என் அம்மா. அதுவரை ஒவ்வொரு வேளையும் அக்கா இப்படித்தான் தண்ணீருக்கும் உப்புக்கும் பெற்றவளை எழுப்பிவிட, அவள் வருவதற்குள் சோறெல்லாம் நாய்க்குப் போய்க்கொண்டிருந்தது என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியும். கொட்டகையில் கன்றுக்குட்டி கத்தியது. உட்காருங்க. யாரோ வாசலில் நின்று கூப்பிட்டார்கள். உட்காருங்க. என் இலை காலியாகிவிட்டது. "ஐயே, கொழந்த எல காலியா கீதே" என்று அந்த நல்ல மனுஷி குழம்புச் சட்டியை நோக்கி எழுந்தாள்.

"அவளுக்குப் போதுங்க. உக்காருங்க."

"எனக்கு வேணும்மா!" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! உலகத்துப் பிள்ளைகளிடமெல்லாம் சாப்பிடு சாப்பிடு என்று பெற்றவர்களைக் கெஞ்ச வைப்பவள், பசிக்கிறது என்று வாய்விட்டுக் கேட்கும் பெற்ற பிள்ளைக்கு ஒரு துண்டு கோழி வைக்க விடமாட்டாளாம். எங்கே போய் முட்டிக்கொள்வது?

அக்கா தட்டைத் தள்ளிவிட்டாள். சாமைச் சோறு தரையெல்லாம் இறைந்தது. "எல்லாரும் சேந்து என்ன கொல்றீங்க! ஒன்ன பாத்தாலே புடிக்கல, போ!" என்று அப்பாவைப் பார்த்துக் கத்தினாள். அவர் கையை ஓங்கிவிட்டார். என் அம்மா குரலை உயர்த்தவில்லை. "அடி வேணாங்க. அவ பேசல, அவ நோவு பேசுது. திரும்ப சோறு போடுங்க" என்றாள். ஓங்கிய கை அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு இறங்கி, சட்டிக்குள் போய்ச் சோற்றை அள்ளித் தட்டில் வைத்தது.

"துன்னும்மா. நாங்க எங்கயும் போவல. நீ துன்ற வரைக்கும் இங்கியேதான் கீறோம்."

இதையே அவர் மறுபடி மறுபடி சொன்னார். எனக்குக் காது புளித்துவிட்டது. ஜன்னல் வழியே விழுந்த வெயில் எதிர்ச் சுவருக்குப் போய்விட்டது. சோறு ஆறி, குழம்பில் எண்ணெய் படிந்து, ஈ மொய்த்தது. அக்காவின் அம்மா தன் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள். புருஷனோடு சரிசமமாக உட்கார்ந்து அவள் தின்ற முதல் வாய் அது. இன்னொரு உருண்டை பிடித்து மகள் தட்டின் ஓரத்தில் வைத்தாள். அழுதுகொண்டே இருந்த அக்கா, எப்போது எடுத்தாள் என்றே தெரியாமல் அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மென்றுகொண்டே இருந்தாள். விழுங்கினாள். பிறகு இன்னொன்று. அவ்வளவுதான். அக்காவின் அப்பா துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். இதற்குப் போய் இந்த மனிதர் ஏன் அழுகிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

திரும்பும்போது அம்மா மலை வளைவுகளில் காரை இறக்கிக்கொண்டிருந்தாள். நான்தான் பேச்சை ஆரம்பித்தேன்.

"ரெண்டு வாய்க்கு இவ்ளோ நேரமாம்மா?"

"ம்."

"பசிக்கலன்னா விட்டுட வேண்டியதுதானே?"

"விட்டா செத்துப்போயிடுவாடி."

மொட்டை மாடிச் சுவரில் ஏறினாலும் செத்துப்போவே, ஈரத்தலையோடு படுத்தாலும் செத்துப்போவே என்று சொல்பவள்தானே இவள்? நான் எத்தனை முறை ஏறியிருக்கிறேன், எத்தனை முறை படுத்திருக்கிறேன். "போம்மா, நீ எல்லாத்துக்கும் இதையேதான் சொல்லுவே" என்றேன்.

அடுத்த வளைவில் அம்மா காரை ஓரங்கட்டி நிறுத்தினாள். கதவைத் திறந்து இறங்கி, பள்ளத்தாக்கைப் பார்த்தபடி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். வேறு யார் வீட்டுச் சாப்பாட்டுக்கோ போன் போடுகிறாள் என்று நினைத்தேன். அவளுடைய போன் என் பக்கத்து சீட்டில்தான் கிடந்தது. அது எனக்கு உறைக்கவில்லை. அவள் தோள் குலுங்கியதை, பேசிச் சிரிக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். பசி வேறு. எட்டி, ஹாரனை விடாமல் அழுத்தினேன்.