கிழக்கு மூலையின் நிறம்

கண்ணமங்கலத்து அக்காவின் வயல் வரைபடத்தைத் தூறலில் நனையாமல் பிளாஸ்டிக் உறையில் வைத்து எடுத்துப்போய் அவர் கையில் கொடுத்தேன். அவருடைய ஒரே நிலமான ஒன்றரை ஏக்கர், அந்தத் தாளில் உள்ளங்கை அகலம்தான் இருந்தது. நன்றாக விளையும் இடம் பச்சை, விளையாத இடம் சிவப்பு. கிழக்கு மூலை முழுக்கச் சிவப்பு. அக்கா வரப்பில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். “இந்த மூலையிலதாம்மா எனக்கு நல்லா வெளையும். அறுப்பு அன்னிக்கு நீதானே எடை போட்டுகினு இருந்தே? இங்கதான் நெல்லு ஜாஸ்தி நின்னுச்சு” என்றார்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. ஆரணியில் பட்டு நெய்யும் குடும்பம் எங்களுடையது. கம்ப்யூட்டர் படித்திருந்த என்னை ஓர் உரக் கம்பெனியின் மேலாளர் தன்னிடம் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். பெண் பிள்ளை வயல்வெளியில் அலைவதா என்று அப்பா தயங்கியபோது, அந்த மேலாளர் சார் வீட்டுக்கே வந்து தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். விவசாயி கண்ணை மூடிக்கொண்டு உரம் கொட்டுவதை நிறுத்த வேண்டும், எங்கே எவ்வளவு தேவையோ அவ்வளவே போட வைக்க வேண்டும் என்றார். அப்பா நம்பினார். நான் அப்பாவைவிட அதிகம் நம்பினேன்.

ஜிபிஎஸ் கருவியைப் பிடித்தபடி வரப்பு வரப்பாக நடப்பது, அறுப்பில் ஆங்காங்கே சதுரமாக அளந்து அறுத்த நெல்லை எடை போடுவது, அந்த எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது, இவையே என் வேலை. நிறம் தீட்டி அச்சடித்துத் தருவது சாரின் பொறுப்பு. எத்தனையோ வயல்களை அளந்ததில் அக்காவின் வயல் எண்கள் எனக்கு நினைவில்லை. எந்த மூலை எவ்வளவு விளைந்தது என்று அவருக்கு நினைவிருந்தது. பல வருடம் பிறர் வயலில் நாற்று நட்டு, அதன்பின் வாங்கிய நிலம் அது. எந்த இடத்தில் தண்ணீர் தேங்கும், எங்கே உப்பு பூக்கும் என்று என்னோடு நடந்தபடியே சொல்லுவார். அப்படிப்பட்டவரிடம், மனுஷ ஞாபகம் தப்பும், கணக்கு தப்பாது, சிவப்பு இடத்தில் உரத்தைக் கூட்டிப் போடுங்கள் என்றேன்.

அந்தப் பருவம் கிழக்கு மூலையில் யூரியாவையும் எங்கள் கம்பெனியின் குருணை உரத்தையும் கூடுதலாகப் போட்டார். பயிர் கருகருவென்று மார்பளவு வளர்ந்தது, ஆனால் தண்டில் வலு இல்லை. கதிர் முற்றும் நேரத்தில் அடித்த ஒரே மழையில் அந்த மூலை மொத்தமும் சாய்ந்து, நெல் சேற்றிலேயே முளைத்துவிட்டது.

மறுநாள் அலுவலகத்தில் என் பழைய பதிவைத் திறந்தேன். கிழக்கு மூலைதான் வயலிலேயே அதிக விளைச்சல் தந்த இடம். அச்சான தாளில் மட்டும் நிறம் மாறியிருந்தது. வேறு வயல்களின் பதிவையும் தாளையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். பலவற்றில் இப்படியே. சாரிடம் கேட்டபோது அவர் தடுமாறக்கூட இல்லை.

“எல்லா வயலும் பச்சையா இருந்தா நம்ம மூட்டைய யாரும்மா வாங்குவாங்க?”

எங்கள் வீட்டில் சாப்பிட்டுப் போன மனிதர். அப்பாவிடம் பேசிய அதே குரல்.

அன்றே வேலையை விட்டேன். கிளம்பும்முன் என் பதிவுகளை அச்சடித்து எடுத்துக்கொண்டு, அடுத்த நாட்களில் அளந்த வயல்களுக்கெல்லாம் போனேன். சிலர் திட்டினார்கள். சிலர் வாங்கவே இல்லை. அக்காவை அவர் வயலில் காணவில்லை. அடுத்த ஊரில், இன்னொருவர் வயலில், கூலிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தார். வரப்பில் நின்றபடி நடந்ததைச் சொல்லி, சார் ஏமாற்றிவிட்டார் என்று அழுதேன். அவர் சேற்றுக் கையை உதறிவிட்டு நிமிர்ந்தார்.

“உங்க சாரை நான் பார்த்ததே இல்லம்மா. நீ சொன்னியேன்னுதான் போட்டேன்.”

இன்று யார் வேண்டுமானாலும் தன் வயலின் நிற வரைபடத்தைப் போனிலேயே பார்க்கலாம். அக்கா இப்போதும் பயிர் வைக்கிறார். பஸ் நிறுத்தத்தில் பார்த்தால் என் பிள்ளைகளை விசாரிப்பார். வயல் எப்படி என்று நான் கேட்டால் மட்டும், “இருக்குதும்மா” என்று சொல்லிவிட்டு, பஸ் வரும் பக்கம் திரும்பிக்கொள்வார்.